கடலோடு போகவில்லை அந்தத் தங்கம்

திருச்செந்தூரிலோ ராமேசுவரத்திலோ மெரினாவிலோ கடலில் இறங்கியவரின் கழுத்துச் சங்கிலி அலையில் கழன்று விழுந்தால் அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். உடன் வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து கைகளால் துழாவுகிறார்கள். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் யாராவது ஒரு பெரியவர், உயிருக்கு வந்தது நகையோடு போயிற்று என்று தேற்றி அழைத்துப்போகிறார். அந்த ஆறுதலில் அன்பு இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் எண்ணம் மட்டும் தவறு. பெரும்பாலான சமயங்களில் கடல் அந்த நகையைக் கொண்டுபோவதே இல்லை. விழுந்த இடத்துக்கு அருகிலேயே, ஒரு சாண் மணலுக்குக் கீழே அது கிடக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கருவி உலகில் புழங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. முன்பின் அறியாதவரின் நகையைத் தேடிக் கொடுப்பதையே தங்கள் ஓய்வு நேர வேலையாகக் கொண்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம் கரைகளிலும் இது ஒரு பொதுச் சேவையாக வேண்டும். அதற்குச் சொல்லப்படும் தடைகள் ஒவ்வொன்றும் உண்மையானவை. ஒவ்வொன்றுக்கும் பதிலும் இருக்கிறது.

முதலில் தங்கம் எங்கே போகிறது என்று பார்ப்போம். சுத்தத் தங்கம் அதே அளவுள்ள தண்ணீரைவிட 19 மடங்குக்கு மேல் கனமானது. நாம் அணியும் 22 கேரட் நகையும் 17 மடங்குக்குக் குறையாது. கடற்கரை மணல் துகளோ தண்ணீரைவிட இரண்டரை மடங்கு சொச்சம்தான் கனம். அலை மோதிக் கலக்கும் ஈர மணலில் இப்படிப்பட்ட கனம் விழுந்தால் அது போகும் திசை கீழ்நோக்கித்தான். அலை செருப்பை இழுத்துப்போகும், துண்டை இழுத்துப்போகும். தங்கத்தை மணலுக்குள் இறக்கும். கிளிஞ்சல்கள் படிந்த அடுக்கோ கெட்டியான களிமண்ணோ எதிர்ப்படும் வரை இறக்கிக்கொண்டே இருக்கும். இதனால்தான் நேரம் முக்கியம்: முதல் சில மணி நேரத்தில் கருவியின் எட்டுக்குள் இருக்கும் மோதிரம், சில நாட்களில் எட்டாத ஆழத்துக்குப் போய்விடலாம். அலை தொடாத காய்ந்த மணலிலும் தோட்டத்து மண்ணிலும் கதை வேறு. அங்கே மிதிபடும் அளவுக்குத்தான் நகை இறங்கும்; தங்கம் துருப்பிடிப்பதும் இல்லை. ஸ்வீடனில் ஒரு பெண் 1995-ல் வீட்டுச் சமையலறையில் கழற்றி வைத்துத் தொலைத்த திருமண மோதிரம், 2011-ல் அவருடைய தோட்டத்தில் பிடுங்கிய காரட் கிழங்கைச் சுற்றியபடி வந்து சேர்ந்தது. பதினாறு ஆண்டுகளும் அது அதே மனைக்குள்தான் இருந்தது.

மெட்டல் டிடெக்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கோயில் வாசலில் நிற்கும் சட்டகமும் காவலர் கையிலுள்ள குச்சியும்தான். மணலில் தேடும் கருவிக்கு நீண்ட கைப்பிடியும் அதன் நுனியில் வட்டமான கம்பிச்சுருளும் இருக்கும். சுருளில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம் தரைக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தச் சிறு புலத்தைத்தான் கருவி ஒலியாக்கித் தேடுபவரின் காதில் சேர்க்கிறது. இந்தத் தத்துவத்தின் தொடக்க காலப் பெரும் சோதனை ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காக நடந்தது. அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு 1881 ஜூலை 2-ல் சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். கருவியில் குறையில்லை, தேடல் தோற்றது. அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தன. மருத்துவரோ உடலின் வலப்பக்கத்தில் மட்டும் தேட அனுமதித்தார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19-ல் கார்ஃபீல்டு இறந்தார். எங்கே தேட வேண்டும் என்று மனிதர் சொல்வது தவறினால் எந்தக் கருவியும் கைகொடுக்காது என்பது அன்றே தெரிந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யோசெஃப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி 1942-ல் எல் அலமைன் போருக்குப் போனது. போர் முடிந்தபின் இக்கருவிகள் மெல்ல மெல்லச் சாதாரண மக்களின் கைக்கு வந்தன.

கருவி எல்லா நகைக்கும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. நகை அணியும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மோதிரமும் வளையலும் மூடிய வளையங்கள்; சுழல் மின்னோட்டம் தடையில்லாமல் சுற்றிவரத் தோதான வடிவம். ஒரு சாண் ஆழத்தில் கிடந்தாலும் நல்ல கருவிக்குக் கேட்டுவிடும். மெல்லிய சங்கிலி அப்படியல்ல. நூற்றுக்கணக்கான சின்னக் கண்ணிகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க, மின்னோட்டம் கண்ணிக்குக் கண்ணி அறுபடுகிறது. இரண்டு சவரன் சங்கிலி முழுவதும் ஊமையாகக் கிடக்க, அதன் கொக்கி மட்டும் ஒலி தருவது உண்டு. தாலிக்கொடியில் கோத்த தாலியும் குண்டுமணிகளும் காசுகளும் கெட்டியான துண்டுகள் என்பதால் அவற்றைக் கொண்டு கொடியைப் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. தங்க மோதிரம் தரும் அதே அளவு ஒலியைக் குளிர்பான டப்பாவின் திறப்பு வளையமும் கசங்கிய அலுமினியத் தாளும் தருகின்றன. குப்பையின் ஒலியை ஒதுக்கும்படி கருவியை அமைத்தால் மோதிரமும் சேர்ந்து ஒதுங்கிவிடும். ஆகவே ஒலித்ததையெல்லாம் தோண்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. மெரினா போன்ற கரையில் அது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டில் நடப்பதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது என்பதற்குக் கடலே முதல் காரணம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் கால்வாயில் நீர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே பத்து மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். காலையில் ஆள் மூழ்கும் ஆழத்தில் தொலைந்ததை மாலையில் ஈர மணலில் நடந்தபடி தேடலாம். சென்னையில் அந்த வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். இங்கே தண்ணீரில் நின்றுதான் தேட வேண்டும்; சுருள் மட்டுமல்ல, கருவி முழுவதுமே நீர் புகாததாக இருக்க வேண்டும். உப்புநீரில் நனைந்த மணல் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் விலை குறைந்த கருவிகள் அங்கே ஓயாமல் பொய்யொலி எழுப்பும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரைகளில் இல்மனைட் போன்ற கனிமங்கள் செறிந்த கருமணல் வேறு. அதுவும் கருவியைக் குழப்பும். பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவிகளும், துடிப்பு முறையில் இயங்கும் கருவிகளும் இந்த இரண்டு தொல்லைகளையும் பெருமளவு சமாளிக்கின்றன. இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிக்கொண்டு கடலில் இறங்கியவர், இதெல்லாம் ஏமாற்று என்று முடிவு கட்டினால் அது கருவியின் மேல் விழும் நியாயமற்ற பழி.

நகை மீட்பு தேர்ந்த கலையாக வளர்ந்திருப்பது வட அமெரிக்காவிலும் பிரிட்டனிலும். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கிறிஸ் டர்னர் 2009-ல் தொடங்கிய 'தி ரிங் ஃபைண்டர்ஸ்' என்ற அமைப்பில், எந்த ஊரில் தொலைத்தவர் எந்த ஊர்த் தேடுநரை அழைக்கலாம் என்பதற்கான முகவரிப் பட்டியல் இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் கட்டணம் பேசி வருவதில்லை. நகை கிடைத்தால் உரியவர் மனமுவந்து தருவதைப் பெற்றுக்கொள்கிறார்கள். தேர்ந்த தேடுநர் கருவியை எடுப்பதற்கு முன் கேள்விகளைத்தான் எடுக்கிறார். கடைசியாக நகை கையில் இருந்ததை எப்போது கவனித்தீர்கள், எதை எறிந்தீர்கள், எந்தக் கையால், தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது, அன்று எடுத்த படம் ஏதும் இருக்கிறதா? பதற்றத்தில் இருப்பவரின் நினைவு இடத்தைத் தவறாகக் காட்டும். ஒரு புகைப்படத்தின் பின்புலம் அதைத் திருத்திவிடும். பிறகு, தொலைந்ததற்கு இணையான நகை இருந்தால் கேட்டு வாங்கி மணலில் வைத்துச் சுருளை அதன்மேல் அசைத்து, என்ன ஒலி வருகிறது என்று பழகிக்கொள்கிறார். தோடும் மெட்டியும் வளையலும் ஜோடியாக அணியும் நம் பெண்களிடம் இந்த மாதிரி எப்போதுமே கைவசம் இருக்கும். அதன் பிறகுதான் கயிறு கட்டி இடத்தை வரிசைகளாகப் பிரித்து, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு படியும்படி தேடுகிறார். கூட்டம் கூடிக் கைகளால் தோண்டினால் நகை இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்படும். அந்த நேரத்தில் செய்யக்கூடிய நல்ல காரியம், நின்ற இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துவைத்துக்கொண்டு, கரையில் ஒரு கம்பை நட்டுவிட்டு ஒதுங்குவதுதான்.

இனி, மறுப்புகளில் வலுவானது. மெட்டல் டிடெக்டரைப் பரப்பினால் புதையல் வேட்டை பெருகும், தொல்லியல் சின்னங்கள் தோண்டிச் சூறையாடப்படும் என்கிறார்கள். இதை லேசாகத் தள்ள முடியாது. பூம்புகாரும் கொற்கையும் இருக்கும் மண்ணில் இந்த அச்சம் இயற்கையானது. அயர்லாந்து 1987-லேயே தொல்பொருள் தேடுவதற்கு அனுமதியில்லாமல் இக்கருவியைப் பயன்படுத்துவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பிரிட்டன் வேறு வழியில் போனது. அங்கே 1996-ன் புதையல் சட்டப்படி, கண்டெடுத்தவர் 14 நாளுக்குள் உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அந்நாட்டில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெளிவாகும். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸ்னி கிராமத்தில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்தது. அவருடைய நண்பர், ஓய்வுபெற்ற தோட்டக்காரர், அதைத் தேட மெட்டல் டிடெக்டருடன் போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும்: ஏறத்தாழ 15,000 காசுகள், இருநூறு போல நகைகளும் வெள்ளிச் சாமான்களும். சிறிது வெளிப்பட்டதுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, புதைத்த பெட்டியின் அமைப்புக்கூடத் தெரியும்படி முறையாக அகழ்ந்தெடுத்தார்கள். புதையலும் அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெகுமதியாகக் கிடைத்த பதினேழரை லட்சம் பவுண்டை அவர் விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். 2015-ல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் இரண்டு பேர் வைக்கிங் காலப் புதையலைக் கண்டெடுத்து யாருக்கும் சொல்லாமல் விற்றார்கள். சுமார் 300 என்று மதிப்பிடப்பட்ட காசுகளில் மிகச் சிலவே மீண்டன. 2019-ல் இருவரும் சிறைக்குப் போனார்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே வகைக் கருவி, ஒரே வகை மண். வேறுபாடு தேடல் தொடங்கிய விதத்திலேயே இருக்கிறது. ஹாக்ஸ்னியில் பொருளுக்கு உடையவர் ஒருவர் இருந்தார், அவர் கேட்டார், அவர் காட்டிய இடத்தில் தேடினார்கள். நகை மீட்பும் முழுக்க இதே இலக்கணத்தில் நடப்பது. தொலைத்தவர் கண்ணெதிரே நிற்கிறார், தேடும் இடம் சில சதுர அடிகள், தேடும் பொருள் இன்னதென்று முன்பே சொல்லப்பட்டிருக்கிறது, கிடைத்ததும் வேலை முடிகிறது. புதையல் வேட்டையில் உடையவர் இல்லை, எல்லை இல்லை, முடிவும் இல்லை. ஆகவே, உரியவரின் எழுத்து வேண்டுகோள் இல்லாமல் கருவி வெளியே வரக்கூடாது, பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் எக்காரணத்துக்காகவும் எடுக்கக்கூடாது என்ற இரண்டு விதிகளே இந்த அச்சத்தின் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ன் இந்தியப் புதையல் சட்டம் சொல்கிறது. நகை தேடும்போது பழம்பொருள் தட்டுப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு வழி இப்படி ஏற்கெனவே இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரையில் ஆமைகள் முட்டையிடும் காலத்தில் இரவுத் தேடலையும் தவிர்க்க வேண்டும். தோண்டிய குழியை மூடுவதும், எடுத்த ஆணியையும் மூடியையும் குப்பைக்கூடையில் போடுவதும் எந்நாளும் கட்டாயம்.

அடுத்த மறுப்பு நம்பிக்கை பற்றியது. கிடைத்ததைத் தேடியவரே வைத்துக்கொண்டு, கிடைக்கவில்லை என்று கையை விரித்தால்? இந்தக் கேள்வியைச் சட்டம் எழுதியவர்கள் மிக முன்பே கேட்டுவிட்டார்கள். 1860-ன் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு சொல்லும் எடுத்துக்காட்டுகளில் ஒன்றே மோதிரம்தான்: விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்தவர், அது யாருடையது என்று தெரியாவிட்டாலும், உரியவரைத் தேட முயலாமல் உடனே விற்றால் அவர் குற்றவாளி. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் இது தொடர்கிறது. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்துப் பத்திரப்படுத்தியவருக்கு அதே பிரிவு பாதுகாப்பும் தருகிறது. சட்டம் இருந்தால் போதாது, சாட்சி வேண்டும் என்பது சரி. தேடலை உரியவரின் கண்முன் நடத்துவதும், தோண்டி எடுக்கும் ஒவ்வொன்றையும் அந்த இடத்திலேயே அவர் பார்க்கும்படி கொட்டுவதும் எளிய, போதுமான காவல். ஒளிவுமறைவாக இருளில் துழாவும்போதுதான் கைமாறல் நடக்கும்.

உரியவர் யாரென்று தெரியாமல் கிடைக்கும் நகைதான் கடினமானது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1973-ல் தொலைந்த ஒரு பள்ளி மோதிரத்தை 2020-ல் பின்லாந்துக் காட்டில் மெட்டல் டிடெக்டரோடு போன ஒருவர் கண்டெடுத்தார். அதில் பள்ளியின் பெயரும் ஆண்டும் முதலெழுத்துகளும் பொறித்திருந்ததால் பழைய மாணவர் சங்கத்தின் வழியே 47 ஆண்டுகளுக்குப் பின் உரியவர் கைக்கே அது போய்ச் சேர்ந்தது. பொறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் உலோகம். நம் நாட்டில் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க் முறையில், ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. அடையாளம் வந்துவிட்டது. அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டால் எந்த நகைக்கடைக்காக முத்திரை இடப்பட்டது என்று தெரியும். கடைக்காரரின் ரசீதுப் புத்தகம் அங்கிருந்து வாங்கியவரைக் காட்டக்கூடும். தூய்மைக்காக வந்த ஏற்பாடு தொலைந்த பொருளை உரியவரிடம் சேர்க்கவும் உதவும் என்பதைக் காவல்துறை இன்னும் முழுமையாகக் கைக்கொள்ள வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு இந்த முத்திரை கட்டாயமில்லை. பரம்பரைத் தாலிகளிலும் இருக்காது. அவற்றைப் படம் எடுத்து, எடையைக் குறித்து வீட்டில் வைத்திருப்பது குடும்பத்தின் பொறுப்பு.

காவல்துறைக்கு இதைவிடப் பெரிய வேலைகள் இருக்கின்றன என்பார்கள்; நகைக்குக் காப்பீடு எடுத்துக்கொள்ளட்டும் என்பார்கள். காப்பீடு இழந்த பணத்தைத் தரலாம். ஆனால் நம் வீடுகளில் கழுத்தில் கிடக்கும் நகை பெரும்பாலும் காப்பீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. அது அலங்காரம் மட்டுமல்ல, பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் நடவுக்கும் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பும் சேமிப்பு. மூன்று சவரன் போனால் அந்தக் குடும்பத்தின் அடுத்த இரண்டு ஆண்டுத் திட்டமே ஆட்டம் காணும். நல்ல நீர்புகாக் கருவி ஒன்று ஏறத்தாழ ஒரு சவரன் தங்கத்தின் விலைக்குள் கிடைக்கும். கிராமங்களில் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கத் தெருவுக்கு ஒரு வீட்டில் பாதாளக்கரண்டி இருக்கும்; ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் வாங்கிப்போவார்கள். எல்லாரும் வாங்கி வைக்க வேண்டியதில்லை, ஆனால் ஊருக்கு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற அந்த ஏற்பாடுதான் இங்கேயும் வேண்டும். மக்கள் கூடும் கடற்கரைகளில், கடலோரக் காவல் நிலையத்திலோ கோயில் நிர்வாகத்தின் கடல் பாதுகாப்புப் பணியாளர்களிடமோ ஒரு கருவி, இரண்டு பயிற்சி பெற்ற ஆட்கள், ஒரு பதிவேடு. தொடங்க இது போதும்.

அந்த இரண்டு ஆட்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். திருச்செந்தூர்க் கடலில் சிப்பி சேகரிப்பவர்கள் பக்தர்கள் தவறவிட்ட நகைகளைத் தேடித் தந்த செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பள்ளத்தில் கனமான பொருள் போய்த் தங்கும் என்பது அவர்களுக்குக் காலால் தெரியும். கருவி சொல்லித்தராத அறிவு அது. கருவியை மேலிருந்து கொண்டுவந்து அவர்களை ஒதுக்கினால் திட்டம் தோற்கும், அவர்களின் சிறு வருமானமும் போகும். அவர்கள் கையிலேயே கருவியைக் கொடுத்துப் பழக்க வேண்டும். வெகுமதியையும் பெருந்தன்மைக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. 1872-ன் ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆம் பிரிவுப்படி, கண்டெடுத்தவர் தன் உழைப்புக்காக வழக்குப் போட முடியாது. ஆனால் உரியவர் இவ்வளவு தருவதாக முன்பே அறிவித்திருந்தால் அதைக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம், பெறும் வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்கவும் செய்யலாம். ஆகவே தேடல் தொடங்கும் முன்பே, கிடைத்தால் தருவது எவ்வளவு, கிடைக்காவிட்டாலும் அந்த நாளுக்கான கூலி எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கிடைக்காத நாளுக்கும் கூலி உண்டு என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அலையில் நான்கு மணி நேரம் நின்றவரின் உழைப்பு, மணல் நகையைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.